ஆளைப் பிடித்தால் கதை வரும்: பாத்திரத்திலிருந்து கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கதை எழுதுபவர்களிடம் "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டால் நிகழ்ச்சிகள்தான் பதிலாக வரும். ஒருவன் ஊருக்கு வருகிறான், ஒரு கொலை நடக்கிறது, கடைசியில் வந்தவனே கொன்றவன் என்று தெரிகிறது. அந்த ஒருவன் யார் என்று கேட்டால் தயங்குவார்கள். "சாதாரண ஆள்தான்" என்பார்கள். பல கதைகள் பாதியில் நின்றுபோவது அந்தத் தயக்கத்தால்தான். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதுபவரே உட்கார்ந்து யோசித்து யோசித்துக் களைத்துப்போகிறார். ஆள் யாரென்று தெரிந்திருந்தால் பாதி யோசனையை அந்த ஆளே செய்துவிடுவார்.

ஆகவே இங்கே முதலில் ஆள், பிறகு முடிச்சு. இரண்டு கதைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிலப்பதிகாரம். மற்றது இந்தக் கட்டுரைக்காகவே நாம் சேர்ந்து உருவாக்கப்போகும் ஒரு சிறுகதை.

முடிவு தெரிந்த பிறகும் ஏன் படிக்கிறோம்?

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் முன்னுரைபோல வரும் பதிகத்தைப் பாருங்கள். கோவலன் மாதவியிடம் போனது, பொருளைத் தொலைத்தது, மதுரைக்கு வந்தது, கள்வன் என்று கொல்லப்பட்டது, கண்ணகி மதுரையை எரித்தது எல்லாமே அங்கே புலவர் சாத்தனார் வாயாகச் சொல்லப்பட்டுவிடுகின்றன. பதிகம் பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதுவோரும் உண்டு. அப்படியே இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக நூலைத் திறந்தவர்கள் அந்தப் பதிகத்தைப் படித்துவிட்டுத்தானே உள்ளே போனார்கள்? முப்பது காதைகளையும், அதாவது முப்பது பகுதிகளையும், படிக்க வைத்தது "என்ன ஆகும்" என்ற கேள்வியாக இருந்திருக்க முடியாது.

தெருக்கூத்திலும் இதேதான். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் 'கர்ண மோட்சம்' பார்க்க உட்காருகிற கூட்டத்தில் கர்ணன் சாகப்போவது தெரியாதவர் யாருமில்லை. போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டத்தில் அவன் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கதைப்பின்னலே துன்பியலின் உயிர், பாத்திரம் அதற்கு அடுத்ததுதான் என்று திட்டமாகச் சொல்கிறார். அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சில மணி நேரத்தில் மேடையில் நடந்து முடிய வேண்டிய நாடகத்துக்குக் கட்டுக்கோப்பு இல்லாவிட்டால் ஒன்றும் நிற்காது. ஆனால் அவர் பேசிய நாடகங்களிலும் பெரும்பாலானவை மக்களுக்கு முன்பே தெரிந்த பழங்கதைகள். ஒரே பழங்கதையைப் பல கவிஞர்கள் எடுத்து எழுதினார்கள் என்றால், ஒருவர் நாடகத்தை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டியது என்ன? மேடையில் நின்ற ஆள் என்பதே என் பதில்.

படி 1: ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்

வயது, நிறம், உயரம் என்று பட்டியல் போட்டுத் தொடங்காதீர்கள். கையில் தொழில் உள்ள ஆளாகத் தொடங்குங்கள். எதைத் தொடுகிறார், எதை எடை போடுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதையெல்லாம் தொழிலே சொல்லிவிடும்.

நம் ஆள் செல்வராசு. வயது ஐம்பத்தாறு. கும்பகோணம் பக்கத்தில் ஓர் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் நகை மதிப்பீட்டாளர். ஊரில் 'அப்ரைசர்' என்பார்கள். நகைக்கடனுக்கு வருகிறவர்களின் நகையை வாங்கி உரைகல்லில் உரசி, அமிலம் விட்டு, மாற்று (தங்கத்தின் தரம்) பார்த்து, எடை போட்டு, கையெழுத்துப் போடுவது வேலை. அப்பா பத்தர், நகை செய்பவர். பட்டறையில் வளர்ந்த பிள்ளை.

இவ்வளவு போதும். பெயர் வைத்துவிட்டதாலேயே பாத்திரம் வந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். சங்க அகப்பாடல்களில் யாருக்கும் பெயரே கிடையாது. ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவி, தோழி, செவிலி, பாணன் என்று ஒரு சில ஆட்கள். சந்திப்பு, பிரிவு, காத்திருப்பு என்று திரும்பத் திரும்ப அதே சில நிகழ்ச்சிகள். கதைப்பின்னல் என்று பார்த்தால் ஏழ்மையிலும் ஏழ்மை. ஆனால் குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி பேசுவதைக் கேளுங்கள். தலைவன் தன்னோடு கூடிய நாளில் சாட்சிக்கு வேறு யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு என்னும் பறவை ஒன்றுதான் இருந்தது என்கிறாள். அந்தக் குருகின் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. ஏமாந்துவிட்டோமோ என்று நடுங்குகிறவளின் மனம் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதில் ஒரு முழுப் பெண் தெரிகிறாள்.

இதையே பயிற்சியாகச் செய்யலாம். உங்கள் ஆள் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறார். கண்ணில் முதலில் படுவது என்ன? செல்வராசு கழுத்துகளைப் பார்ப்பார். முகம் பிறகுதான். எந்தக் கொக்கி தேய்ந்திருக்கிறது, எந்த வளையல் பூச்சு என்பது அவர் தேடாமலே தெரியும். இதை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதையில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை.

படி 2: எதை விட மாட்டார் என்று கண்டுபிடியுங்கள்

"உங்கள் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்?" என்று எழுத்துப் பட்டறைகளில் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: என்ன கொடுத்தாலும் எதை விட மாட்டார்?

சிலப்பதிகாரத்தின் ஒன்பதாவது காதையில் கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவரோடு கூடி வாழலாம் என்று தேவந்தி வழி சொல்கிறாள். கண்ணகிக்கு வேண்டியது கோவலன்தான். ஆனாலும் "பீடன்று" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். அது பெருமை ஆகாதாம். கணவன் வேண்டும், அதற்காகத் தன் மதிப்பை இறக்கி வைக்க மாட்டாள். நூலின் பின்பாதி முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பேன்.

அடுத்த நொடியே கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். பொருளெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் முறுவலோடு "சிலம்பு உள கொண்ம்" என்கிறாள், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மாதவிக்குக் கொடுக்கக் கையில் இல்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்தே அப்படிச் சொன்னாள் என்று வழிவழியாகப் பொருள் சொல்வார்கள். கதையின் மிகப் பெரிய திருப்பத்துக்குக் காரணமான அந்தச் சிலம்பு கதைக்குள் எப்படி வருகிறது பாருங்கள். யாரும் புதையல் எடுக்கவில்லை, வழியில் கண்டெடுக்கவில்லை. அவள் எப்படிப்பட்டவளோ அதனால் வருகிறது.

செல்வராசு எதை விட மாட்டார்? பணத்தை விட்டுவிடுவார். கமிஷன் குறைந்தாலும் கவலையில்லை. ஆனால் "கையில் தூக்கிப் பார்த்தாலே மாற்றுச் சொல்லிவிடுவார்" என்று ஊர் சொல்கிற பேச்சு இருக்கிறதே, அதை விட மாட்டார்.

படி 3: உணர்ச்சியின் ஊற்றைத் தேடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். இதற்கான கருவி, உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எட்டு மெய்ப்பாடுகளை மனப்பாடம் செய்திருப்போம்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எழுதுபவருக்கு உண்மையில் உதவுவது அதற்கு அடுத்த கட்டம். ஒவ்வொன்றும் எந்த நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து. பிறர் தாழ்வாக நடத்துவது, இழப்பது, நிலை தளர்வது, இல்லாமை. பெருமிதம் பிறப்பது கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை என்ற நான்கிலிருந்து.

"அவள் அழுதாள்" என்று எழுதுமுன் இந்த நான்கில் எது என்று கேளுங்கள். மகன் இறந்ததற்காக அழும் தாயும், மருமகள் சோற்றைத் தள்ளி வைத்ததற்காக அழும் தாயும் வேறுவேறு மாதிரி அழுவார்கள். முதல் தாய் கூட்டத்தின் நடுவில் அழுவாள். இரண்டாமவள் கொல்லைப்புறத்தில், குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே அழுவாள், யார் பார்க்க அழுவாள் என்பதும் தெரிந்துவிடும்.

செல்வராசுவின் பெருமிதம் கல்வியிலிருந்து வருவது, கைத்தொழில் கல்வி. கொடையாலோ வீரத்தாலோ வந்ததில்லை. எனவே அவரைத் திருடன் என்றால் கோபப்படுவார். வேலை தெரியாதவர் என்றால் உடைந்துபோவார். அழ நேர்ந்தால் அது இளிவினால் வரும் அழுகையாகத்தான் இருக்கும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிச்சு இங்கிருந்துதான் வரப்போகிறது.

படி 4: எதிரே நிற்பவருக்கும் நியாயம் வேண்டும்

சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதியில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி நினைத்துவிடுகிறாள். ஊடலில் தானும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாடுகிறாள். அதை அவன் உண்மையென்று நம்பி எழுந்து போய்விடுகிறான். இதில் கெட்டவர் யார்? ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் மனத்தின்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். பிரிவு மட்டும் நடந்துவிடுகிறது. கொலைகாரனும் சூழ்ச்சிக்காரனும் இல்லாமலே கதை நகரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் கதையில் எதிரே நிற்கப்போகிறவர் மங்கை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு மருமகள். செல்வராசுவும் அந்த வாத்தியாரிடம் படித்தவர்தான். மங்கை மகளின் கல்லூரிப் பணத்துக்காகத் தன் ஐந்து சவரன் சங்கிலியை அடகு வைத்தாள். ஒரு வருடம் வட்டி கட்டி மீட்டாள். இவளுக்கும் முதல் மூன்று படிகளையும் செய்யுங்கள். இவள் எதை விட மாட்டாள்? அப்பா போட்டனுப்பிய நகை என்பதை. கணவன் வீட்டில் அவள் நிமிர்ந்து நிற்பது அந்த ஐந்து சவரனால்.

படி 5: அந்த ஆளுக்கு மட்டும் வலிக்கும் முடிச்சைப் போடுங்கள்

இப்போதுதான் நிகழ்ச்சி. மங்கை மீட்ட சங்கிலியை மெருகு போட நகைக்கடைக்குக் கொண்டுபோகிறாள். செம்புக்கு மேல் தங்க முலாம் என்கிறார்கள். அவள் நேரே சங்கத்துக்கு வந்து நிற்கிறாள்: "நான் கொடுத்தது தங்கம். இங்கேதான் மாத்திட்டாங்க."

உண்மை என்னவென்றால் சங்கிலி முன்பே போலி. மகனின் வைத்தியச் செலவுக்காக வாத்தியார் பல வருடங்களுக்கு முன் மருமகளுக்குத் தெரியாமல் அசலை விற்றுவிட்டு அதேபோல ஒன்றைச் செய்து வைத்துவிட்டார். அடகுக்கு வந்தபோது செல்வராசு அதை உரசவே இல்லை. சார் வீட்டு நகையை உரசுவதா என்ற கூச்சம் ஒரு பக்கம். தூக்கிப் பார்த்தாலே தெரியும் என்ற செருக்கு இன்னொரு பக்கம்.

ஆக, திருடன் என்ற பழியிலிருந்து தப்பிக்க அவர் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம், "நான் உரசிப் பார்க்கவில்லை." எதை அவர் எந்நாளும் விட மாட்டாரோ அதையே கதை கேட்கிறது. முடிச்சு என்றால் இப்படி அமைய வேண்டும். வெள்ளம், விபத்து, புற்றுநோய் எல்லாம் யாரையும் தாக்கும். அவற்றை வைத்துக் கதை எழுதலாம், ஆனால் அவை உங்கள் ஆளைத் தேடி வருவதில்லை.

தற்செயலைப் பற்றி ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்திலும் பெரிய தற்செயல் ஒன்று இருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் போய்ச் சிலம்பைக் காட்டுகிறான். நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் அது ஆட்களைச் சிக்கலில் மாட்டிவிடுகிற தற்செயல். கண்ணகி வழக்கில் வென்றது தற்செயலால் இல்லை. தன் சிலம்பின் பரல் (உள்ளே இட்ட மணி) மாணிக்கம் என்று அவள் சொல்கிறாள், அரசன் தன் அரசியின் சிலம்பில் முத்து என்கிறான், உடைத்துப் பார்க்கிறார்கள். உங்கள் கதையிலும் சிக்க வைக்கத் தற்செயலை ஒரு தடவை பயன்படுத்திக்கொள்ளலாம். விடுவிக்க ஒரு தடவைகூட வேண்டாம்.

படி 6: ஆளை மாற்றிப் பாருங்கள்

முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று சோதிக்க இதுவே வழி. அதே இடத்தில் வேறு ஒருவரை நிறுத்துங்கள்.

கோழையான மதிப்பீட்டாளர் என்றால் பெட்டகச் சாவி வைத்திருக்கும் எழுத்தர்மேல் பழியைத் திருப்புவார். அது வேறு கதை. செருக்கில்லாத நேர்மையாளர் என்றால் "என் தப்பும்மா, உரசவில்லை" என்று அன்றே சொல்லிவிடுவார். ஒரு பக்கத்தில் கதை முடிந்துவிடும். செல்வராசு என்ன செய்வார்? என் கணக்கில், தன் சேமிப்பை எடுத்து ராவோடு ராவாக ஐந்து சவரனில் அதேபோல ஒரு சங்கிலி செய்யச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுப்பார். தொழில் தெரியாதவர் என்ற பெயர் வராது. ஆனால் திருடியதால்தான் திருப்பிக் கொடுக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லும். இப்போது அடுத்த நிகழ்ச்சியையும், அதற்கு அடுத்ததையும் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. வாத்தியார் காதுக்கு இது போகும். அவர் என்ன செய்வார் என்பதற்கு அவர் எதை விட மாட்டார் என்று கேட்டால் போதும்.

கண்ணகிக்கும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். தேவந்தி சொன்னதும் குளத்தில் மூழ்கப் போயிருக்கக்கூடிய ஒருத்தி பாண்டியன் அவையில் நின்று "தேரா மன்னா", ஆராயாத அரசனே, என்று தொடங்கியிருக்க முடியுமா? பாண்டியனையும் மாற்றிப் பாருங்கள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகும் பிழையை ஒப்புக்கொள்ளாமல் காவலரைக் கூப்பிடுகிற அரசனாக இருந்தால்? "யானே கள்வன்" என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்டவன் என்பதால்தான் விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன்மேலும் நமக்கு மரியாதை மிஞ்சுகிறது.

ஆளை மாற்றியும் உங்கள் கதை அப்படியே ஓடுகிறது என்றால் அது இன்னும் யாருடைய கதையாகவும் ஆகவில்லை. படி 2க்குத் திரும்புங்கள். துப்பறியும் கதை எழுதுபவர்கள் "எங்களுக்குப் புதிர்தானே முக்கியம்" என்று கேட்கலாம். உண்மை, அங்கே பின்னல் முன்னால் நடக்கும். அப்போதும் வாசகர் அடுத்த புத்தகத்தைத் தேடி வருவது துப்பறிகிறவருக்காகத்தான்.

படி 7: பேச விடுங்கள், பேசாமலும் விடுங்கள்

தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி, உறவும் மரியாதையும் வாக்கியத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவது. மங்கை அடகு வைக்க வந்தபோது "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்கண்ணே" என்றாள். போலி என்று தெரிந்த பின் வந்து நிற்கும்போது "சார், மேனேஜரைக் கூப்பிடுங்க சார்" என்கிறாள். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. 'அண்ணே' போய் 'சார்' வந்துவிட்டது. செல்வராசுவுக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிடும், வாசகருக்கும்தான். "அவள் கோபத்தோடு சொன்னாள்" என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

வட்டார வழக்கை அலங்காரமாகத் தெளிக்காதீர்கள். ஓர் ஊர்ப் பேச்சு உங்கள் காதில் இல்லையென்றால் எளிய பொதுப்பேச்சில் எழுதுவதே நேர்மை.

மௌனத்துக்கு மறுபடியும் கண்ணகிதான். இரண்டாவது காதையில் கோவலன் அவளைப் பொன்னே முத்தே என்று அடுக்கடுக்காகப் புகழ்கிறான். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. பதினாறாவது காதையில், அவன் கொலைப்படப்போகும் நாளில், முதல்முறையாக நேருக்கு நேர் சொல்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." போற்றத் தகாத நடத்தை உங்களுடையது என்கிறாள். துறவோரை எதிர்கொள்ளவும் விருந்தினரை உபசரிக்கவும் முடியாமல் தான் இழந்து நின்றதையும் சொல்கிறாள். இத்தனை நாள் அவனைக் குறை சொல்லாதவள் என்பதால்தான் அந்த வரி அவ்வளவு கனமாக விழுகிறது. வழக்குரை காதையில் வெடிக்கப்போகிற குரலை வாசகர் இங்கேயே கேட்டுவிடுகிறார். உங்கள் பாத்திரம் எப்போது வாய் திறக்கும் என்று முடிவு செய்யுங்கள். அதுவரை பூட்டி வையுங்கள்.

படி 8: திருத்தும்போது

முதல் எழுத்துப்படி முடிந்ததும் ஒரு வாரமாவது ஒதுக்கி வையுங்கள். பிறகு நிகழ்ச்சிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "யார் செய்த காரியத்தால் இது நடந்தது?" என்று குறியுங்கள். பாத்திரத்தின் பெயர் வந்தால் சரி. "எனக்குத் தேவைப்பட்டது" என்பதுதான் பதில் என்றால் அந்த இடத்தை வெட்டுங்கள் அல்லது ஒருவர் கையில் கொடுங்கள். உதாரணமாக, நம் கதையில் வாத்தியார் உண்மையைச் சொல்வதற்கு வசதியாக அவருக்கு நெஞ்சுவலி வரவழைக்கத் தோன்றும். வேண்டாம். செல்வராசு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தன் மாணவனிடம், தன் வாயால் சொல்லட்டும். அவ்வளவு தூரம் நடந்து வர அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று உங்களால் சொல்ல முடியவில்லையென்றால், அவருக்குப் படி 2ஐ இன்னும் செய்யவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக உரையாடல்களில் பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். எது செல்வராசு, எது மங்கை, எது சார் என்று பேச்சிலிருந்தே தெரிய வேண்டும். தெரியாத வரிகளில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த வரிகளை மட்டும் மறுபடி எழுதுங்கள்.